அறுநூறு பெட்டி ஆரஞ்சு

சின்னவர் எதையும் ஒரு தடவை எண்ணி நம்பியவர் இல்லை. கதவைப் பூட்டிவிட்டு நான்கு படி இறங்குவார். மறுபடி ஏறிப்போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பார். கடையில் ஒரு டஜன் முட்டை வாங்கினால் கடைக்காரன் எண்ணியதைத் தானும் எண்ணி, வீட்டுக்கு வந்து மனைவியையும் எண்ணச் சொல்வார். "பதிமூணாவது முட்டை இருந்தா கோழிக்கே திருப்பிக் குடுத்துடுவீங்க போல" என்று அவள் சிரிப்பாள். அப்படிப்பட்ட மனிதரின் கையில்தான் அந்த வருடம் ஷெட்டின் தலையெழுத்து வந்து விழுந்தது.

ஷெட் என்பது பழம் கழுவிப் பெட்டியில் அடைக்கும் இடம். தோட்டக்காரர்கள் ஆரஞ்சை லாரியில் கொண்டுவந்து கொட்டுவார்கள். ஒரு முனையில் தொட்டியில் கழுவி, நடுவில் ஓடும் பட்டையில் உலர்த்தி, மறுமுனையில் எட்டுப் பெண்கள் அளவு பார்த்துப் பிரித்து அறுபது அறுபதாக அடுக்குவார்கள். பெட்டிகள் குளிர்க் கண்டெய்னரில் ஏறித் துறைமுகம் போய், கடல் தாண்டி ஒரு பெரிய வியாபாரியிடம் இறங்கும். ஷெட் அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. ஆனால் சொல் பெரியவருடையது. தொட்டியும் தண்ணீரும் சின்னவர் பொறுப்பு. மறுமுனையில் அந்த எட்டுப் பெண்களுக்குத் தலைமை சின்னவரின் மனைவி. அவர்கள் இருவரும் குடியிருந்ததும் ஷெட்டுக்கு மேலேயே, தகரப் படி ஏறினால் வருகிற இரண்டு அறையில். ஷெட் போனால் வேலையும் போகும், வீடும் போகும். எங்கே போவது என்று அவர்கள் பேசிக்கொண்டதே இல்லை. பேசினால் நடந்துவிடும் என்ற பயம்.

பல வருடமாக மெழுகோடு ஒரு பூஞ்சைக்கொல்லி மருந்தைக் கலந்து பழத்தின் மேல் பூசி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கடல் தாண்டிய வியாபாரி ஒரு நாள், அந்த மருந்து தோலில் தங்குகிறது, எங்கள் ஊரில் விடமாட்டேன் என்கிறார்கள் என்று எழுதிவிட்டார். மருந்து இல்லாமல் இரண்டு லோடு போயிற்று. இரண்டும் கெட்டது. ஆரஞ்சு கெடுவது சத்தமில்லாத காரியம். முதலில் தோலில் ஒரு இடம் மட்டும் கசிந்தாற்போல் இளகும். மறுநாள் அதில் வெள்ளையாகப் பஞ்சு படியும். அதற்கடுத்த நாள் நடுவில் பச்சைப் பொடி. பெட்டியைத் திறந்தால் அந்தப் பொடி புகை மாதிரி எழும்பிப் பக்கத்துப் பழத்தின் மேல் உட்காரும். அதில் நகக்கீறல் அளவு காயம் இருந்தால் போதும், உள்ளே இறங்கிவிடும்.

"மூணாவது லோடுதான் கடைசி" என்றார் பெரியவர். வியாபாரியின் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். "நூத்துக்கு அஞ்சு அழுகலாமாம். ஆறாவது அழுகினா இனிமே நம்ம முகத்துலயே முழிக்க மாட்டானாம். டைல்ஸ் கம்பெனிக்காரன் வேற ஷெட்ட குடோனுக்குக் கேட்டுட்டே இருக்கான். நான் என்னடா பண்ண?"

"அண்ணா, அந்த எண்ணெய்…"

"எந்த எண்ணெய்?"

"கிராம்பெண்ணெய்."

பெரியவர் தம்பியைத் திரும்பிப் பார்த்தார். "பழத்துக்குப் பல் வலியா?"

கிராம்பெண்ணெய் சின்னவருக்கு மாலை வகுப்பில் கிடைத்தது. நாற்பத்தொரு வயதில், வாரம் இரண்டு நாள், பழம் காய்கறி கெடாமல் வைப்பது பற்றிய வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார். வகுப்பில் மற்ற எல்லோரும் இருபது வயதுக்காரர்கள். டீச்சருக்கே முப்பதுதான் இருக்கும். முதல் நாள் அவர் உள்ளே நுழைந்ததும் பிள்ளைகள் எழுந்து நின்றுவிட்டார்கள், இவர்தான் வாத்தியார் என்று. செடிகளிலிருந்து எடுக்கும் எண்ணெய்கள் பூஞ்சையைத் தடுக்கும் என்று டீச்சர் ஒரு மாலை சொன்னார். கிராம்பு, இலவங்கப்பட்டை, எலுமிச்சைப்புல் என்று பட்டியல் போட்டார். சின்னவர் அதைக் குறித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து மறுபடி எழுதினார். சரியாகத்தான் கேட்டோமா என்று அடுத்த வகுப்பில் டீச்சரிடமே நோட்டைக் காட்டிக் கேட்டார்.

பிறகு ஏழு மாதம் சோதனை. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது. சோயாவிலிருந்து எடுத்த பசையைப் போட்டு ஒட்டவைத்தார். பழத்தின் மேல் படலமாக நிற்கக் கொஞ்சம் பிசின் கரைத்தார். எண்ணெய் கூடினால் தோல் கருகிப் புள்ளி விழுந்தது. குறைந்தால் பச்சைப் பொடி வந்தது. ஊசிக்குழாயில் சொட்டுச் சொட்டாக எண்ணி ஊற்றிக்கொண்டிருந்ததால் பெண்கள் அவருக்கு 'சொட்டு சார்' என்று பெயர் வைத்தார்கள். அவர்களில் ஒருத்தி எப்போதும் எதையாவது முணுமுணுத்துப் பாடிக்கொண்டே இருப்பாள். பாட்டுக்காரி என்று கூப்பிடுவார்கள். அவள் தொட்டிப் பக்கம் வந்து மூக்கைப் பொத்திக்கொள்வாள். "சொட்டு சார், இந்த ஆரஞ்சு பல்லு டாக்டர்கிட்ட போயிட்டு நேரா இங்க வந்திருக்கு. வாயக் கொப்பளிக்கச் சொல்லுங்க."

பதினோராவது கலவை சரியாக வந்தது. இருநூறு லிட்டருக்கு ஒரு லிட்டர் எண்ணெய். அதில் நாற்பது பெட்டி முக்கி, உலர்த்தி, தானே கையால் அடுக்கி, குளிர் அறையில் ஒரு மாதம் வைத்தார். இரண்டாயிரத்து நானூறு பழத்தில் முப்பத்தொன்று கெட்டது. மூன்று தடவை எண்ணினார். மூன்று தடவையும் முப்பத்தொன்று. மனைவியைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னார். அவளும் முப்பத்தொன்று என்றாள்.

"இனி கோழிய வேற கூப்பிடணுமா?" என்று கேட்டாள். ஆனால் அவள் கண் கலங்கியிருந்தது.

பெரியவர் பெட்டிகளை வந்து பார்த்தார். ஒரு பழத்தை உரித்துத் தின்றார். வாசனை தோலோடு போய்விட்டது, சுளையில் ஒன்றும் இல்லை. "சரிடா" என்றார். "மூணாவது லோடு உன் பல் வைத்தியத்துல போகட்டும்." பெரியவர் தம்பியின் தோளில் கைவைத்துச் 'சரிடா' என்று சொன்னது, சின்னவருக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை.

அறுநூறு பெட்டி. முப்பத்தாறாயிரம் பழம். மூன்று நாள் வேலை. அந்த மூன்று நாளும் சின்னவர் தொட்டியை விட்டு நகரவில்லை. கலவை கலங்கினால் கிளறினார். சூடு ஏறினால் தண்ணீர் மாற்றினார். அரை மணிக்கு ஒரு தடவை எடுத்துப் பார்த்துக் குறித்தார். பழம் தொட்டியிலிருந்து ஏறி, காற்றடிக்கும் பட்டையில் உலர்ந்து, நடுவில் நின்ற தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் பெண்களிடம் போயிற்று. அந்தப் பக்கம் அவர் கவலைப்பட ஒன்றும் இல்லை. அங்கே அவர் மனைவி இருந்தாள். பதினாறு வருடமாக அவள் கையிலிருந்து ஒரு பெட்டிகூடக் கோணலாகப் போனதில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் கண்டெய்னர் லாரி கிளம்பியது. பெரியவர் லாரியின் பின்கதவை இரண்டு தட்டுத் தட்டி அனுப்பினார். பெண்கள் கைகாட்டினார்கள். துறைமுகத்தில் கப்பல் வர ஐந்தாறு நாள் தாமதம், அதுவரை கண்டெய்னர் அங்கேயே குளிரில் நிற்கும் என்று டிரைவர் சொல்லிவிட்டுப் போனார். மாதிரிக்கு என்று அதே லோடில் ஆறு பெட்டியைச் சின்னவர் நிறுத்தி வைத்துக்கொண்டார்.

மேலே போனதும் மனைவி கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து இரண்டு கையையும் ஊதிக்கொண்டிருந்தாள்.

"என்ன ஆச்சு?"

"உங்க எண்ணெய்தான். காந்துது. பாருங்க, எப்பிடிச் செவந்திருக்குன்னு. பாட்டுக்காரிக்கு இதவிட மோசம். பாட்டே நின்னுபோச்சு."

"பழத்தத் தொட்டாலே இப்பிடியா? நான் நாப்பது பெட்டி அடுக்கினேனே, எனக்கு ஒண்ணும் ஆகலயே."

"நீங்க அடுக்கினீங்க. நாங்க துடைச்சோம்ல."

சின்னவர் செருப்பைக் கழற்றக் குனிந்தவர் அப்படியே நின்றார். "எதத் துடைச்சீங்க?"

"பழத்தத்தான். வேற எத? எப்பவும் துடைக்கிறதுதானே. இந்தத் தடவை சாம்பல் பூத்த மாதிரி மங்கலா வந்துச்சு, ஒட்டுது வேற. அத அப்பிடியே அனுப்பினா அவன் பாத்ததும் திருப்பிட மாட்டானா? ஒவ்வொண்ணா ஈரத்துணி வச்சுத் துடைச்சு, காஞ்ச துணி வச்சுத் துடைச்சு… முப்பத்தாறாயிரம்! நேத்து மத்தியானம் சாப்பிடக்கூட யாரும் எந்திரிக்கல. கண்ணாடி மாதிரி அனுப்பியிருக்கோம். நீங்க டென்ஷன் ஆவீங்கன்னுதான் சொல்லல." அவள் சிரித்தாள். "எல்லாம் உங்களுக்காகத்தான்."

எப்பவும் துடைக்கிறதுதான். அது அவருக்குத் தெரியும். பழைய மெழுகு இறுகிப் பிடிக்கும். துடைத்தால் பளபளப்பு ஏறுமே தவிர மெழுகு போகாது. பெண்கள் கையில் துணியோடு நிற்பதைப் பதினாறு வருடமாகத் தினமும் பார்த்திருக்கிறார். பார்த்துப் பார்த்தே அது கண்ணில் படாமல் போய்விட்டது. கலவையைப் பற்றி நோட்டில் எண்பது பக்கம் எழுதியிருந்தார். பழத்தைக் கடைசியாகத் தொடப்போகிற எட்டுப் பேரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"துணிய எதுல அலசினீங்க?" என்று கேட்டார்.

"வாளியிலதான். ஏன்?"

"எத்தன வாளி?"

"ரெண்டு வாளி. அப்பப்ப தண்ணி மாத்தினோம். என்னங்க, முகம் ஏன் இப்பிடி ஆயிடுச்சு? அனுப்பியாச்சுல்ல, போய்ப் படுங்க. மூணு நாளா நின்னுட்டே இருந்திருக்கீங்க."

இரண்டு வாளி, எட்டுத் துணி. கெடத் தொடங்கிய ஏதோ ஒரு பழத்தைத் தொட்ட துணி அடுத்த ஆயிரம் பழத்தைத் தொட்டிருக்கும். ஒன்றும் பூசாமல் அனுப்பியிருந்தால்கூட இதைவிட மேல். இதை அவளிடம் எப்படிச் சொல்வது? அவள் உள்ளங்கை கன்றிப்போயிருந்தது. சின்னவர் தேங்காய் எண்ணெயைக் கொண்டுவந்து அவள் கையில் தடவிவிட்டார்.

உண்மையில் அவருக்கே நிச்சயமில்லை. உலர்வதற்குள் எண்ணெய் தோலுக்குள் இறங்கியிருக்கலாம். துடைத்தபோது படலம் பாதிதான் போயிருக்கலாம். தெரியாமல் அண்ணனிடம் போய் லோடைத் திருப்பச் சொன்னால், அது தேவையில்லாத திருப்பலாக இருந்துவிட்டால்? 'சரிடா' என்று தோளில் வைத்த கையை இவ்வளவு சீக்கிரம் எடுக்கவைப்பதா? முதலில் பார்ப்போம் என்று தீர்மானித்தார்.

தொட்டிப் பக்கம் இரண்டு கூடைப் பழம் மிஞ்சிக் கிடந்தது. முக்கி உலர்த்தியது, சுவர் தாண்டிப் போகாதது, துணி படாதது. அதில் நூற்றிருபது எண்ணி எடுத்தார். மாதிரிப் பெட்டிகளிலிருந்து இன்னொரு நூற்றிருபது. படிக்கட்டுக்குக் கீழே சாமான் போடும் அறையில், குளிர் இல்லாமல், இரண்டு பலகையில் பரப்பினார். குளிரில் மெதுவாக வருவது இங்கே சீக்கிரம் வரும். நோட்டில் இரண்டு கட்டம் போட்டார். ஒன்றின் தலையில் 'துடைத்தது', மற்றதில் 'துடைக்காதது'.

முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாளும் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் ஒன்றுமில்லை என்றபோது, வருடக்கணக்கில் இல்லாத ஒரு லேசான மனம் வந்தது அவருக்கு. அன்று மனைவியிடம் முட்டை பற்றி அவரே ஒரு வேடிக்கை சொன்னார்.

நான்காம் நாள் காலை துடைத்ததில் இரண்டு பழம் இளகியிருந்தது.

இரண்டு. நூற்றிருபதில் இரண்டு எங்கேயும் வரும். லாரியில் அடிபட்ட பழமாக இருக்கலாம். துறைமுகத்துக்கு போன் பண்ணினார். கப்பல் நாளை சாயங்காலமோ மறுநாள் காலையோ கிளம்பும் என்றார்கள். ஒரு நாள் இருக்கிறது. திருப்பி எடுத்தால் கழுவி மறுபடி முக்கி, அடுத்த கப்பலில் ஏற்றலாம். வியாபாரி மாதக் கடைசிவரை தவணை கொடுத்திருந்தார். நேரம் இருந்தது. இன்னும் ஒரு எண்ணிக்கை எடுத்துவிட்டு அண்ணனிடம் போகலாம்.

ஐந்தாம் நாள் காலை துடைத்ததில் நான்கு. ஆனால் துடைக்காததிலும் ஒன்று. அந்த ஒன்றுதான் அவரைக் கவிழ்த்தது. அதைக் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். துடைக்காததிலும் வருகிறதென்றால் துடைப்புக் காரணமில்லையோ? நாலுக்கும் ஒன்றுக்கும் உள்ள வித்தியாசம் வித்தியாசம்தானா? டீச்சரைக் கேட்டால் என்ன? டீச்சர் அன்று லீவு. அண்ணனின் அறை வாசல்வரை போனார். உள்ளே பெரியவர் யாரிடமோ போனில், "இல்லப்பா, இந்தத் தடவை நம்பிக்கையா இருக்கேன், என் தம்பி பாத்துக்கிட்டான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சின்னவர் திரும்பி வந்துவிட்டார்.

ஆறாம் நாள் காலை கதவைத் திறந்தபோதே வாடை தெரிந்தது. துடைத்ததில் பதினெட்டு. பலகையின் நடுவில் பச்சைப் பொடி வட்டமாகப் படர்ந்திருந்தது. துடைக்காததில் அதே ஒன்று.

இந்தத் தடவை அவர் இரண்டாவது முறை எண்ணவில்லை. ஓடிப்போய் துறைமுகத்துக்கு போன் போட்டார்.

"அதுவா? நேத்து சாயங்காலமே கிளம்பிடுச்சே சார்" என்றது ஒரு பெண் குரல். "வேற ஏதாவது தெரியணுமா?"

"இல்லம்மா" என்றார்.

கப்பல் போய்ச் சேர இருபத்துமூன்று நாள். அந்த இருபத்துமூன்று நாளும் ஷெட்டில் எல்லோரும் கலகலப்பாக இருந்தார்கள். பெரியவர் தொட்டிக்குப் புது பம்பு விலை விசாரித்தார். பாட்டுக்காரிக்குக் கை ஆறிப் பாட்டுத் திரும்பியது. மனைவி மேல்வீட்டு ஜன்னலுக்குத் திரை தைத்தாள். சின்னவர் ஒவ்வொரு நாள் காலையும் படிக்கட்டு அறைக்குப் போய் எண்ணி எழுதினார். இனி அந்த எண்ணால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை. இருந்தும் எழுதினார். அதைத் தவிர வேறு என்ன செய்யத் தெரியும் அவருக்கு? துடைத்ததில் எழுபதுக்கு மேல் போனதும் பலகையோடு கொண்டுபோய்க் குழியில் கொட்டி மூடினார். "அங்க என்னங்க பண்றீங்க தினமும்?" என்று மனைவி கேட்டாள். "சும்மா, ஒரு கணக்கு" என்றார். ஏற்கெனவே கணக்குப் பைத்தியம் என்று பெயர் வாங்கிய மனிதர். அவள் மேலே கேட்கவில்லை.

வியாபாரியின் தகவல் ஒரு மத்தியானம் வந்தது. நூற்றுக்கு நாற்பத்துநான்கு. படமும் அனுப்பியிருந்தார்கள். பெரியவர் போனைத் தம்பியிடம் நீட்டினார். திறந்த பெட்டியில் பச்சைப் பந்துகள் வரிசையாக, ஒழுங்காக, அவர் மனைவி அடுக்கிய வாட்டத்திலேயே இருந்தன.

"ஏழு மாசம்டா" என்றார் பெரியவர். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "ஏழு மாசம் சொட்டுச் சொட்டா ஊத்தி என்னத்தக் கண்டே?"

சின்னவர் வாய் திறக்குமுன் மனைவி குறுக்கே வந்தாள். "அவர ஒண்ணும் சொல்லாதீங்க மாமா. மூணு நாள் உக்காராம நின்னார். நாங்களும் ஒவ்வொரு பழமா துடைச்சுத் துடைச்சுத்தானே அனுப்பினோம். அந்த எண்ணெய் மோசம் பண்ணிடுச்சு, அதுக்கு யாரு என்ன பண்ண முடியும்?"

பெரியவர் தலையை ஆட்டினார். துடைத்ததில் அவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. எப்பவும் துடைக்கிறதுதானே.

"ஆமாண்ணா, எண்ணெய்தான்" என்றார் சின்னவர். "நான்தான் சரியாப் பாக்கல."

டைல்ஸ் கம்பெனிக்காரர் அந்த வாரமே ஒப்பந்தம் எழுதினார். பெண்கள் எட்டுப் பேருக்கும் பெரியவர் தானே தனித்தனியாகச் சொன்னார். அடுத்த திங்கட்கிழமை மேல்வீட்டையும் கீழறையையும் காலி பண்ணத் தொடங்கினார்கள். சின்னவர் தொட்டிக் குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தபோது மனைவி படிக்கட்டு அறையைக் கூட்டப் போனாள். போனவள் வெகுநேரம் வரவில்லை. அவர் போய்ப் பார்த்தபோது, துடைப்பம் சுவரில் சாய்ந்திருந்தது. அவள் கவிழ்த்த பெட்டியில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். எதிர்ப் பலகையில் நூற்றுச் சொச்சம் ஆரஞ்சு, தோல் கொஞ்சம் சுருங்கி, மங்கலாக, ஒரு புள்ளி இல்லாமல் இருந்தது.

"துடைக்காதது" என்று வாசித்தாள். "நூத்திருபதுல அஞ்சு." பக்கத்தைத் திருப்பினாள். "துடைத்தது."

அவர் கதவருகிலேயே நின்றுகொண்டார்.

"எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?"

"லோடு போன அன்னிக்குச் சாயங்காலம். நீ கைய ஊதிட்டு இருந்தியே, அப்ப."

"அன்னிக்கேவா?" விரலால் தேதிகளைத் தொட்டுக்கொண்டே வந்தாள். "கப்பல் வர அஞ்சு நாள் ஆச்சே."

"ஆமா."

"அஞ்சு நாளும் என்ன பண்ணினீங்க?"

"எண்ணிட்டிருந்தேன்."

வெளியே யாரோ தகரத்தை இழுத்துப்போகும் சத்தம் கேட்டது. அவள் நோட்டை மூடினாள்.

"துடைக்காதேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் என்ன மாட்டேன்னா சொல்லியிருப்பேன்?"

"தோணலம்மா. துடைப்பீங்கங்கறது எனக்குத் தோணவே இல்ல."

"பதினாறு வருஷமா துடைக்கிறேன். உங்க கண்ணு முன்னால."

"தெரியும்."

"எல்லார்கிட்டயும் எண்ணெய் மோசம்னு சொன்னேனே. நீங்களும் ஆமான்னீங்களே." அவள் குரல் இப்போதுதான் உடைந்தது. "என்னக் காப்பாத்தறீங்களாக்கும். அந்தப் பாட்டுக்காரி தம் மகளுக்குப் படிப்ப நிறுத்திட்டா, தெரியுமா உங்களுக்கு? நான் அவ வீட்டுக்குப் போய், எல்லாம் கடவுள் விட்ட வழின்னு ஆறுதல் சொல்லிட்டு வந்தேன். நான்! அந்த ரெண்டு வாளியத் தூக்கிட்டு வந்து வச்சதே நான்தான்."

"நீ வேணும்னு செய்யலயே."

"நீங்களும் வேணும்னு செய்யல. அதுக்கு?"

அவள் எழுந்தாள். நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நேராகப் பெரியவரின் அறைக்குப் போனாள். சின்னவர் "வேணாம், விடு" என்று பின்னாலேயே போனார். அவள் விடவில்லை. அறையில் மேசை மட்டும் மிச்சமிருந்தது. நோட்டை அதில் வைத்து, துணி, வாளி, கட்டங்கள், தேதி எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். தன்னை ஒளிக்கவில்லை, கணவனையும் ஒளிக்கவில்லை.

பெரியவர் முழுக்கக் கேட்டார். நடுவில் ஒரு தடவை தம்பியைப் பார்த்தார். பிறகு, "அப்ப எண்ணெய் நல்லாத்தான் வேலை செஞ்சிருக்கு?" என்று கேட்டார்.

"செஞ்சிருக்கு மாமா. நீங்களே வந்து பாருங்க. ஒரு மாசம் குளிரே இல்லாம இருந்த பழம்."

பெரியவர் நியாயமான மனிதர். அங்கேயே போனை எடுத்துக் கடல் தாண்டிய வியாபாரியின் ஆபீசுக்குப் போட்டார். நடந்ததைச் சொன்னார். தப்பு எங்கே என்று தெரிந்துவிட்டது, இன்னொரு லோடு, பாதி லோடு, நூறு பெட்டியாவது என்று கேட்டார். பெரியவர் ஒருவரிடம் இப்படிக் கேட்டு அவர்கள் பார்த்ததில்லை. அந்தப் பக்கம் பேசியவர் மரியாதையாகவே பேசினார். வேறு இடத்தில் மூன்று வருடத்துக்குப் பேசி முடித்தாயிற்று என்றார். விளக்கம் சொன்னதற்கு நன்றி என்றும் சொன்னார்.

பெரியவர் போனை வைத்தார். நோட்டை மூடித் தம்பியிடம் நீட்டினார். "நல்லா எழுதியிருக்கே" என்றார். அதில் குத்தல் இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "ஒரு நாள் முன்னால என் ரூமுக்குள்ள வந்திருக்கலாமேடா."

"வாசல் வரைக்கும் வந்தேண்ணா."

"ம்" என்றார் பெரியவர்.

கீழே டைல்ஸ் கம்பெனியிலிருந்து ஒரு ஆள் வந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அளவெடுக்க வந்தவன். தனியாக வந்திருந்ததால் டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் தேவைப்பட்டது. சின்னவர் பிடித்தார். தொட்டி இருந்த மூலையிலிருந்து எதிர்ச் சுவர்வரை இழுத்தான். தடுப்புச் சுவர் குறுக்கே நின்றது.

"இது இடிச்சிடுவோம் சார்" என்றான். "எதுக்கு நடுவுல இப்பிடி ஒரு சுவரு?"

"தண்ணி தெறிக்காம இருக்கக் கட்டினது" என்றார் சின்னவர்.

மனைவி முகத்தைக் கழுவிக்கொண்டு இறங்கி வந்தாள். அந்த ஆளிடம், மழைக்கு வடக்குப் பக்கத் தகரம் ஒழுகும், ஓடுகளை அங்கே அடுக்காதீர்கள் என்றாள். தரை எந்தப் பக்கம் சரிவு, பெரிய கதவின் தாழ்ப்பாளை எப்படித் தூக்கினால் விழும், எந்த சுவிட்சைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். அவன் தாளில் குறித்துக்கொண்டான். எதையும் விட்டுவிடவில்லையே என்று அவனைத் திருப்பி வாசிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"டேப்ப நேராப் பிடிங்க சார்" என்றான் அந்த ஆள்.

சின்னவர் நேராகப் பிடித்தார். பதினெட்டரை மீட்டர் என்றான் அவன். அவர் குனிந்து பார்த்தார். பதினெட்டரைதான்.